பித்ருலோகத்தின் பரப்பளவு

சிதம்பரம் தெற்கு வீதியில் மூடிப்போன ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் செத்தவர்கள் பேசுகிறார்கள் என்று எப்போது செய்தி பரவியதோ, அப்போதிலிருந்து உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த வீதியில் நடக்க இடமில்லை.

செவ்வாய், வெள்ளி, அமாவாசை மூன்று நாளும் விடிவதற்குள் வரிசை கட்டிவிடுவார்கள். பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழத்தோடு வந்தார்கள். விருத்தாசலத்துக்காரர்கள் முந்திரிப் பருப்போடு வந்தார்கள். கடலூர் முதுநகரிலிருந்து வருகிறவர்கள் கருவாட்டுக் கூடையைக் கீழேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று தனியாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். இப்படி ஊருக்கு ஒன்றாகக் கொண்டுவந்தாலும் எல்லார் கையிலும் பொதுவாக இரண்டு பொருள் இருந்தன. ஒன்று, செத்தவரின் கருமாதிப் பத்திரிகை. இன்னொன்று, ரேம்.

ஆமாம், ரேம்தான். கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற அந்தப் பச்சைப் பட்டைதான். மேலுலகம் போனவர்களுக்கு நாளாக ஆக நினைவு மங்கிவிடுமாம். கம்ப்யூட்டருக்கு நினைவு என்பது ரேம். ஆகவே ரேம் தானம் செய்தால் போனவர்கள் நம்மை மறக்காமல் இருப்பார்களாம். பசுவைத் தானம் கொடுத்த பரம்பரை இப்போது எட்டு ஜிபி ரேமை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. பசுவாவது சாணி போடும்.

இவ்வளவுக்கும் காரணகர்த்தா மூவுலகச் சித்தர். ஒரே தட்டில் மூன்று உலகங்களை அடக்கியவர் என்று ஃப்ளெக்ஸ் பேனர் சொன்னது. தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை, ஹார்டு டிஸ்க். பூர்வாசிரமத்தில் அவருக்கு ராஜவேல் என்று பெயர். கடலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் செல்போன் வந்தது, பிரவுசிங் சென்டர் பூட்டப்பட்டது, அதற்கு அடுத்த வாரமே அவருக்கு ஞானம் வந்துவிட்டது. சிலருக்கு ஞானம் போதிமரத்தடியில் வரும், சிலருக்குக் கடை வாடகை கட்ட முடியாதபோது வரும்.

இந்தச் சித்தரிடம்தான் குறிஞ்சிப்பாடி உத்திராபதி தன் மகளின் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்கப் போனார்.

உத்திராபதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நில அளவையில் அவரை ஏமாற்ற யாராலும் முடியாது. வரப்பை ராவோடு ராவாக ஒரு சாண் தள்ளிப் போட்டவனை, வரப்பைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பட்டாவில் பத்து சென்ட் என்றிருந்து அளக்கும்போது ஒன்பதே முக்கால் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் நிலத்தை விட்டு வெளியே வந்தால் போதும், மனிதர் பச்சைக் குழந்தை. பல்லி சொன்னால் நம்புவார், கிளி சீட்டெடுத்தால் நம்புவார், வாட்ஸப்பில் "இதை இருபது பேருக்கு அனுப்பவும்" என்று வந்தால் இருபத்தோராவதாக ஒருவரைத் தேடிப்பிடித்து அனுப்புவார்.

மகள் கயல்விழிக்கும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அருள்மொழிக்கும் ஆவணி பன்னிரண்டில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் மூன்று வருஷமாக ஆசைப்பட்டு, இரண்டு வீட்டிலும் கெஞ்சி, கோபித்து, சாப்பிடாமல் கிடந்து வாங்கிய தேதி அது. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து உத்திராபதியின் மச்சான் செந்தமிழ்செல்வன் வந்து சேர்ந்தான்.

"மாமா, எல்லாம் சரி. தாத்தாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எந்தத் தாத்தாவ?"

"உங்க அப்பாவத்தான். தட்சிணாமூர்த்தி தாத்தாவ."

"அவரு போயி ஆறு வருசம் ஆவுதேடா மச்சான்."

"அதனாலதான் சொல்றேன். அப்ப கேக்க முடியாது. இப்ப கேக்கலாம். சிதம்பரத்துல கேக்கலாம்."

உத்திராபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்பாவைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாத மகன் அவர். அன்றைக்கே கருமாதிப் பத்திரிகையைத் தேடி எடுத்தார். பத்திரிகையை மூன்று நாள் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மேலுலகத்தில் ஆளைத் தேடிப்பிடிக்க விலாசம் வேண்டாமா? கூடவே "என்ன காரியமாக" என்று ஒரு படிவம். "மகள் திருமணம்" என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவரும் மனைவி தங்கம்மாளும் மாடியில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் பெட்டி. உள்ளே ஹார்டு டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு, மல்லிகைச் சரம். சரத்துக்குக் கீழே 500 ஜிபி என்று கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு. மானிட்டர் ஊரே பார்க்கிற மாதிரி பெரியது. காவி வேட்டியும் கழுத்தில் ஹெட்போனுமாக வந்து உட்கார்ந்தார் சித்தர்.

"சந்தேகம் உள்ளவர்கள் முன்னால் வரலாம்" என்றார். "இந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்."

பாலிடெக்னிக் படித்த ஒருவன் போய் உட்கார்ந்தான். தெரிந்த விண்டோஸ்தான் திறந்திருந்தது; ஒரே ஒரு டிரைவ், பக்கத்தில் 195 ஜிபி என்று ஒரு எண். தட்சிணாமூர்த்தி என்று தட்டித் தேடினான். ஒன்றும் இல்லை. தங்கம்மாள் என்று தேடினான். ஒன்றும் இல்லை. சித்தர் கத்தரிக்கோலை எடுத்து இன்டர்நெட் வயரை எல்லார் முன்னாலும் வெட்டினார். தினமும் ஒரு வயர் வெட்டுவாராம். சந்தேகப் பிராணி கையைத் தூக்கி, "உள்ள ஒண்ணுமே இல்லைங்க" என்று ஒப்புக்கொண்டு இறங்கினான்.

"நீங்கள் பார்த்தது பூலோகம்" என்றார் சித்தர். "இனி நான் திறப்பது பித்ருலோகம்."

கம்ப்யூட்டரை அணைத்தார். மானிட்டரைப் பட்டுத்துணியால் மூடினார். கற்பூரம் ஏற்றி, பொத்தானை அமுக்கினார். கண்ணை மூடி மந்திரம் சொன்னார். சொல்லும்போது வலதுகை விரல் கீபோர்டின் மேல் மெதுவாகத் தாளம் போட்டது. சங்கு ஊதியது. துணியை உருவினார்.

கூட்டம் "ஆ" என்றது. விண்டோஸைக் காணோம். நீல மேகமும் தாமரையுமாக வேறொரு திரை. நடுவில் எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

"மகனே உத்திராபதி, நலமா? மருமகள் தங்கம்மாள் நலமா? பேத்தி கயல்விழியின் திருமணம் இப்போது வேண்டாம். ஓராண்டு பொறு. பன்னிரண்டு அமாவாசைக்குப் பன்னிரண்டு ரேம், எட்டு ஜிபிக்குக் குறையாமல். பேரன்கள் அறிவழகன், ராஜா இருவரும் படிப்பில் கவனம் செலுத்தட்டும். குறிப்பாக ராஜா. அவன் சேர்க்கை சரியில்லை."

தங்கம்மாள் ஓவென்று அழுதாள். உயிரோடிருந்த காலத்தில் மாமனார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. உத்திராபதி கீழே விழுந்து மானிட்டரைக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கயல்விழியிடம் சொன்னார். வடலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவள் அவள். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ராஜாவ படிக்கச் சொன்னாராப்பா தாத்தா?"

"ஆமாம்மா."

"ராஜா நம்ம நாய்ப்பா."

விஷயம் என்னவென்றால், தட்சிணாமூர்த்தி தாத்தா போன அன்றைக்கு அவர் வளர்த்த நாய் மூன்று நாள் சோறு தொடவில்லை. அந்தப் பாசத்தைப் பார்த்து உருகிப்போய், கருமாதிப் பத்திரிகையில் பேரன்கள் வரிசையில் அறிவழகனுக்குப் பக்கத்தில் ராஜாவின் பெயரையும் போட்டிருந்தார் உத்திராபதி. ராஜா இப்போது மொபெட்டுக்கு அடியில் படுத்துத் தன் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அறிவழகனோ படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

"பத்திரிகையில இருந்த பேரப் பாத்து எழுதியிருக்கான்ப்பா. அது கூடவா புரியல?"

உத்திராபதி யோசித்தார். நம்பிக்கை உள்ளவர்கள் யோசித்தால் வழி கிடைக்காமல் போகாது.

"மேல போனவங்களுக்கு நாயி, மனுசன்னு பேதம் கெடையாது கயலு. எல்லாம் உசுருதான். அது போவட்டும், சேர்க்க சரியில்லன்னு சொன்னாரே, அது பொய்யா? எதுத்த வூட்டு செவலையோடதான சுத்துது?"

கயல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து அருள்மொழியின் அம்மா சௌந்தரம் போன் செய்தார். செந்தமிழ்செல்வன் வாய் சும்மா இருக்குமா? செய்தி அதற்குள் சிப்காட் தாண்டிப் போயிருந்தது.

"என்னா சம்மந்தி, ஒரு வருசம் தள்ளணுமாமே? பேசி வச்ச தேதி மாறுனா எங்க சைடுல அபசகுனம்பாங்க. வர்ற ஆடி அமாவாசைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. இல்லன்னா எம்புள்ளைக்கு நாங்க வேற எடம் பாத்துக்கறோம். கோச்சிக்காதீங்க."

இந்தப் பக்கம் செத்தவர் கூடாது என்கிறார். அந்தப் பக்கம் சகுனம் மாறக்கூடாது என்கிறது. நடுவில் உயிரோடு இருக்கிற பெண் ஒருத்தி நிற்கிறாளே, அவளை ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் கயல்விழி அப்பாவைத் தன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அச்சகக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்தது. பழைய தமிழ் எழுத்துரு பழைய விண்டோஸில்தான் ஓடும், பில் போடுவதற்குப் புதிய விண்டோஸ் வேண்டும் என்று அவருக்கு ஒரே டிஸ்க்கில் இரண்டையும் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"பாருப்பா. தெறக்கும்போது கேக்கும், எது வேணும்னு. இத அமுக்குனா பழசு. அத அமுக்குனா புதுசு. ஒரே மனையில குறுக்கச் செவுரு வச்சி ரெண்டு பங்காளி குடியிருக்கற மாதிரி. அந்தச் சித்தரு மூணு பங்காளிய வச்சிருக்கான். அவ்ளோதான் மேட்டரு."

உத்திராபதி பொறுமையாகப் பார்த்தார். தலையாட்டினார்.

"சரிம்மா. இது மனுசன் பண்றது. அது சித்தர் பண்றது."

கயல்விழி அதற்குமேல் வாதாடவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்ப்பா, அந்தப் பொட்டியோட மொத்த விஸ்தீரணம் எவ்ளோன்னு கேட்டியா?"

பிசைந்த கை நின்றது. முப்பத்திரண்டு வருஷம் அந்த ஒரு வார்த்தையில் குடியிருந்தவர் அவர்.

"ஐநூறுன்னு ஒட்டியிருந்துச்சி."

"கம்பெனிக்காரன் கணக்கு ஐநூறு. உள்ள போயிப் பாத்தா நானூத்தி அறுவத்தஞ்சுதான் காட்டும். அது எல்லா டிஸ்க்குலயும் சகஜம்."

"அது சரி. ரோட்டுக்கு, வாய்க்காலுக்குன்னு கொஞ்சம் போவும்."

"அந்தப் பையன் தேடிப் பாத்தானே, பூலோகம். அது எவ்ளோ காட்டுச்சி?"

எதற்கு என்றே தெரியாமல் பார்த்த எண்தான். ஆனாலும் ஒரு தடவை பார்த்த அளவு உத்திராபதிக்கு மறக்காது. "நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அது ஒண்ணுதான் இருந்துச்சி."

"அப்ப மீதி?"

சோற்றுக் கையாலேயே காற்றில் கழித்துப் பார்த்தார். இருநூற்று எழுபது. இன்னொரு தடவை கழித்தார். அதே இருநூற்று எழுபது. முகம் மாறியது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"பாதிக்கு மேல காணோமே கயலு! இது காத்துல கரையற அளவு கெடையாது. எவனோ உள்ள பூந்து அனுபவிச்சிக்கினு இருக்கான்!"

"அதத்தான்ப்பா நானும் நேத்துலேர்ந்து சொல்றேன்."

ஆடி அமாவாசை வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, ஈர வேட்டி காயாமலே மகளோடு சிதம்பரம் பஸ் ஏறினார் உத்திராபதி. வழியெல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "சித்தர் மேல எனக்கு சந்தேகம் இல்ல. அளவு மேலதான் சந்தேகம்." அளவு சரியாக இருந்தால் பன்னிரண்டு ரேமும் வாங்கித் தருவதாகவும், ஒரு வருஷம் பொறுப்பதாகவும் மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியம் செய்து கொடுத்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள். சித்தன் எதையாவது மாற்றி வைத்திருந்தால் அவள் கல்யாணம் அன்றோடு போயிற்று.

மாடியில் இருநூறு பேர். ஈரத்துணி, கற்பூரம், பலாப்பழம், புழுக்கம். விண்டோஸ் சோதனை முடிந்தது. வயர் வெட்டப்பட்டது. "உள்ள ஒண்ணும் இல்லைங்க" என்று அன்றைய சந்தேகப் பிராணியும் சாட்சி சொன்னான். சித்தர் பெட்டியை அணைக்கக் கை நீட்டும்போது உத்திராபதி எழுந்து நின்றார்.

"சாமி, ஒரு சின்ன விவரம். இந்தத் தட்டு மொத்தம் ஐநூறு. கழிவு போவ நானூத்தி அறுவத்தஞ்சு. நீங்க காட்டுற பூலோகம் நூத்தித் தொண்ணூத்தஞ்சு. மீதி இருநூத்தி எழுவது எங்க இருக்குது?"

சித்தர் புன்னகை செய்தார். "மகனே, மேலுலகத்துக்கு ஏது அளவு? அது அனந்தம்."

"லோகத்த நான் கேக்கல சாமி. தட்டக் கேக்கறேன்."

"மீதமுள்ளது ஆகாசம்."

"ஆகாசத்துக்குப் பட்டா கெடையாது சாமி. தட்டுக்கு உண்டு. நீங்களே சீட்டு ஒட்டி வச்சிருக்கீங்க."

இங்கேதான் சித்தர் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தார். ஆண்டவன், ஆவி, மந்திரம் என்று பேசினால் இந்தக் கூட்டம் வாயைத் திறக்காது. ஆனால் கடலூர் மாவட்டத்துச் சனத்திடம் போய், மொத்தத்தில் பாதிக்கு மேல் இடம் காணோம் என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு ஒரு வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருக்கிற மாவட்டம் அது.

"ஆமா சாமி, மீதி எங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"எங்க சித்தப்பனும் இப்பிடித்தான். கேட்டா, அது ஆத்துல போச்சும்பான். பாத்தா அதுல கரும்பு போட்டிருக்கான்!" என்றார் இன்னொருவர்.

"அளந்து காட்டச் சொல்லுங்கப்பா!"

சித்தர் பதில் யோசிப்பதற்குள் கயல்விழி போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யார் வேணா சோதிக்கலாம்னு நீங்கதான சாமி சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே, எல்லாரும் தேடுகிற இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் போய்த் தட்டினாள். டிஸ்க் எத்தனை பாகமாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் பக்கம் திறந்தது. நீளமாக ஒரு பட்டை, அதில் மூன்று கட்டங்கள்.

உத்திராபதி பாய்ந்து போய் மானிட்டருக்கு முன்னால் நின்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்தப் படம் தெரியும்.

"அட, இது நம்ம எஃப்.எம்.பி. நில வரைபடம் மாதிரியே இருக்குதே! மொத்தம் ஒரு சர்வே நம்பரு, மூணு உட்பிரிவு. மொதலு நூத்தித் தொண்ணூத்தஞ்சு, பூலோகம். ரெண்டாவது நூத்தி எம்பது. மூணாவது தொண்ணூறு. கூட்டுங்க. நானூத்தி அறுவத்தஞ்சு. கணக்கு டேலி!"

தன்னை மறந்து கைதட்டினார். தொலைந்த நிலம் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அது எதனுடைய நிலம் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கை தானாகக் கீழே இறங்கியது.

"அப்ப பித்ருலோகம்... இந்த நூத்தி எம்பதா?"

"ஆமாம்ப்பா. தேவலோகம் அதுல பாதி. இந்த விண்டோஸுக்கு மத்த ரெண்டு வூட்டுப் பாஷையும் தெரியாது. அதனால எட்டிப் பாக்காது. தேடுனா கெடைக்காது."

"தொடாதே!" என்று கத்தினார் சித்தர். செந்தமிழ் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. "ஏய் பொண்ணு, தள்ளு! தீட்சை வாங்காதவங்க அந்த லோகத்தத் தொட்டா கை வெளங்காமப் போயிடும்!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கயல்விழி பெட்டியை அணைத்துப் போட்டாள். போடும்போது பட்டுத்துணியைச் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கற்பூரம் இல்லை, சங்கு இல்லை. கறுப்புத் திரையில் மூன்றே மூன்று வரி வந்தது. முதல் வரி விண்டோஸ். இரண்டாவது வரி பித்ரு. மூன்றாவது வரி தேவா. பக்கத்தில் பத்து, ஒன்பது என்று எண் குறைந்துகொண்டு வந்தது. கீழம்புக் குறி போட்ட பட்டனை அவள் ஒரு தடவை தட்ட, எண் நின்றது. வெளிச்சம் இரண்டாவது வரிக்கு இறங்கியது.

"சாமி மந்திரம் சொல்றப்ப தாளம் போடுவாருல்ல? இந்தத் தாளம்தான். ஒரு தட்டு தட்டுனா செத்தவங்க, ரெண்டு தட்டு தட்டுனா தேவருங்க. பாக்காதீங்கன்னுதான் துணி. இப்ப நான் அமுக்குனா எனக்கு ஏதோ சக்தி இருக்குதும்பீங்க. உங்கள்ல யாராச்சும் வந்து எண்டர அமுக்குங்க."

யாரும் அசையவில்லை. கை விளங்காமல் போனால் யார் பொறுப்பு? அன்றைய சந்தேகப் பிராணி செருப்பைத் தேடினான். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். முதுநகரில் கருவாடு விற்கும் லோகநாயகி. கூடையைத்தான் கீழே வைத்திருந்தார், வாசனை கூடவே வந்திருந்தது.

"நவுருங்க. அந்த மனுசனோட முப்பது வருசம் குடும்பம் நடத்துன கை இது. இதுக்குமேல இதுக்கு என்னா ஆவப் போவுது?"

டொக் என்று ஒரு அடி. கீபோர்டு துள்ளி விழுந்தது.

நீல மேகம் வந்தது. தாமரை வந்தது. விரதம் இல்லாமல், தீட்சை இல்லாமல், நெத்திலிக் கருவாட்டு விரலுக்குப் பித்ருலோகம் பவ்வியமாகத் திறந்து நின்றது. லோகநாயகி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளங்கிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே வரிசையாக இருந்தார்கள் முன்னோர்கள். "இன்று" என்று ஒரு கட்டு, "வெள்ளிக்கிழமை" என்று ஒரு கட்டு. வெள்ளிக்கிழமை பேசப்போகிற செத்தவர்கள் அமாவாசையன்றே பேசி முடித்துக் காத்திருந்தார்கள். எல்லாருடைய கருமாதிப் பத்திரிகையும் படமெடுத்து வைக்கப்பட்டிருந்தது. "இன்று" கட்டுக்குள் லோகநாயகியின் புருஷன் பெயர் இருந்தது. கயல்விழி அதைத் திறந்து உரக்கப் படித்தாள்.

"அன்பு மனைவி லோகநாயகியே, உன் கையால் சமைத்த உணவை இங்கும் நினைத்து ஏங்குகிறேன்..."

"நிறுத்து கண்ணு" என்றார் லோகநாயகி. "அந்த ஆளு ஒரு நா சோத்த நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அன்பு மனைவியாம்! பேயி பேசுதுன்னாலும் நம்புவேன். இத நம்ப நான் என்னா பைத்தியமா?"

கட்டுகளுக்கெல்லாம் தலைமாட்டில் "மாதிரி" என்று ஒன்று இருந்தது. அதையும் படித்தாள். "மகனே அல்லது மகளே, கோடிட்ட இடம், நலமா? திருமணம் அல்லது வீடு அல்லது வெளிநாடு இப்போது வேண்டாம். ஓராண்டு பொறு. பன்னிரண்டு ரேம்."

மாடி முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. "எங்க மாமனாரும் ஓராண்டு பொறுன்னுதான சொன்னாரு!" "எங்க அக்காவும் அதேதான் சொல்லிச்சி!" "அதுக்காக நான் துபாயி விசாவ விட்டுட்டேனேடா பாவி!" இத்தனை குடும்பத்து முன்னோர்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்களே என்று அதுவரை ஒருவரும் பக்கத்து ஆளைக் கேட்டதில்லை. தேவலோகத்தையும் பார்த்துவிடலாம் என்று யாரோ சொல்ல, அதையும் திறந்தார்கள். சீட்டு விளையாட்டு ஒன்றும், பாதி இறங்கிய சினிமாப் படங்கள் மூன்றும் இருந்தன. தேவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே.

சித்தர் இதற்குள் நிஷ்டைக்குப் போகிறேன் என்று குளியலறைப் பக்கம் நழுவியிருந்தார். பின்படி வழியாக ஒரு மூட்டை ரேமோடு இறங்கியவர் சந்து முனையைத் தாண்ட முடியவில்லை. பொடிநடையாகத் தப்பிக்க முடியாதபடி அவருடைய பக்தர் கூட்டமே தெருவை அடைத்து நின்றது. விஷயம் தெரியாத வரிசை, "சாமி, ஆசீர்வாதம்" என்று காலில் விழுந்து விழுந்தே அவரை நிறுத்தி வைத்தது. மாடியிலிருந்து விஷயம் தெரிந்தவர்கள் இறங்கி வந்து சேர்ந்தபோது போலீசுக்கு அதிக வேலை மிச்சமில்லை.

உத்திராபதி மட்டும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்று" கட்டுக்குப் பக்கத்தில் பழைய கட்டு ஒன்றுக்குள் அவருடைய அப்பாவும் இருந்தார். படத்தில் தெரிந்த பத்திரிகையில் அப்பாவின் மீசை. அதற்குக் கீழே ராஜாவின் பெயர். அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லி எவனோ ஒருவன் எழுதிய வரிக்காக, கண்ணெதிரே நின்று கெஞ்சிய பிள்ளையை அழவிட்டோமே என்று நினைத்தபடி மகள் பக்கம் திரும்பினார்.

"கோச்சிக்கினியா கயலு?"

"ஆமா. ரொம்ப. பஸ்ஸுல பேசிக்கலாம் வா" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

படியிறங்கும்போது செந்தமிழ்செல்வன் மூச்சிரைக்க எதிரே வந்தான். "மாமா, இவன் போலியாமே! நான் அப்பவே நெனச்சேன். விடுங்க மாமா, திருவதிகப் பக்கம் ஒரிஜினல் ஒருத்தரு இருக்காராம். அவரு லேப்டாப்புல பண்றாராம்."

உத்திராபதி மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது. சௌந்தரம்.

"சம்மந்தி, இன்னிக்கு அமாவாச. உங்க அப்பா என்னா சொன்னாரு?"

"எங்க அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சும்மா. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார் உத்திராபதி. "எம்பொண்ணு சொல்லுது, ஆவணி பன்னண்டுன்னு. அவ அப்பன் நானும் அதையேதான் சொல்றேன். பத்திரிக அடிக்கக் குடுக்கறேன்."

இவ்வளவுதான் நடந்தது. ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, போனவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வரிசையில் நிற்பதற்கு முன்னால், வீட்டில் உயிரோடு இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்கு டோக்கன் கிடையாது. குளிக்கக்கூட வேண்டாம். மூளை மட்டும் கொஞ்சம் வேண்டும். அதை யாரும் உங்களுக்குத் தானமாகத் தர மாட்டார்கள்.